பெயர் கேட்ட பேய்

பேய்ப்படம் பார்த்துப் பயந்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். பேய்க்குத் தலைவிரித்துவிட்டுச் சம்பளம் வாங்கியவள் இந்த விழுப்புரத்தில் நான் ஒருத்திதான். என் பெயர் ஜெயம். மெட்ராஸில் ஒரு சினிமாக் கம்பெனியில் எனக்கு ஹேர் டிரஸ்ஸர் என்று பட்டம். பட்டம்தான் அப்படி. புடவை மடிப்பது, பூசின ரத்தத்தைத் துவைப்பது, எல்லோருக்கும் டீ ஊற்றுவது எல்லாம் என் தலையில்தான் விழும். சின்ன கம்பெனிகளில் யாருக்கும் ஒரு வேலை மட்டும் இருக்காது.

எங்கள் முதலாளி சக்கரபாணி. தயாரிப்பாளரும் அவரே, டைரக்டரும் அவரே. வருஷத்துக்கு இரண்டு பேய்ப்படம் எடுப்பார். எல்லாவற்றிலும் ஒரு பாழடைந்த பங்களா, ஒரு கிணறு, தானாகத் திறக்கிற ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் நின்று கயிறு இழுக்கிறதும் நான்தான். கதாநாயகன் படத்துக்குப் படம் மாறுவான். கதாநாயகியும் மாறுவாள். பேய் மட்டும் மாறாது.

அந்தப் பேய் வீரம்மாள் அக்கா. திண்டிவனத்துக்காரி. மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தவள். ஒரு சமயம் அந்தப் பக்கம் படம் எடுக்கப் போனபோது, சாவு வீட்டுக் காட்சிக்கு உள்ளூர்ப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. ஒன்பது பேர் அழுதார்களாம். இவள் அழுததைக் கேட்டு, பிணமாகப் படுத்திருந்த ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். அன்றைக்கு மெட்ராஸுக்கு வண்டி ஏறியவள்தான்.

நான் சொல்கிறேன், அவளைப் போல ஒரு நடிகை இல்லை. சும்மா பிரியத்தில் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறேன். முகத்தில் முத்துவெள்ளைப் பொடியைக் குழைத்து அப்பினால் அரைமணி நேரத்தில் அரிப்பெடுக்கும், அவள் விரல் முகத்துக்குப் போகாது. பத்து எண்ணுகிற நேரம் கண் இமைக்காமல் நடந்து வருவாள். நடக்கும்போது குதிகால் தரையில் படாது. பனைமரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள், டூப் கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போய்விடுவாள். சாமி கும்பிட்ட கையோடு, பேய் பிடித்ததென்று கூட்டிவருகிற பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மூச்சு எப்படி ஏறுகிறது, எந்தக் கால் முதலில் உதறுகிறது, கட்டைவிரல் எப்போது மடங்குகிறது என்று பார்ப்பாள். "அதுங்க ஏன்டி சிரிக்குது ஜெயம்? துக்கம் தாங்காமதான் சிரிக்குது" என்று ஒரு நாள் சொன்னாள். அவள் பேய்ச் சிரிப்பு சிரித்தால் கேட்கிறவர்களுக்கு அழுகை வருவது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இத்தனை இருந்தும் அவள் பெயர் திரையில் வராது. படம் ஆரம்பிக்கும்போது எல்லோர் பெயரும் வரும். சாப்பாடு போட்ட ஓட்டல்காரருக்குக்கூட நன்றி வரும். அக்காவின் இடம் வரும்போது 'பேயாக' என்று போட்டு, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. பதினோரு படம், பதினோரு கேள்விக்குறி.

ஒவ்வொரு படம் முடியும்போதும் அக்கா கேட்பாள். முதலாளி ஒரே பதிலைத்தான் சொல்வார். "பேய்க்குப் பேர் போட்டா ஜனங்க பயப்படுவாங்களா வீரம்மா? பேர் தெரிஞ்சிட்டா அது பக்கத்து வூட்டுப் பொம்பள ஆயிடும். வியாபாரம் படுத்துடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா போய் முகத்தைக் கழுவிக்கொள்வாள். பெயர் போடச் சொல்வது பெருமைக்காக இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய தம்பி சின்னதுரை திண்டிவனத்தில் அரிசி மில்லில் வேலை செய்கிறான். அம்மா முனியம்மாள் அவனோடு இருக்கிறாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அக்கா ஆசையாசையாகத் தம்பியைத் தியேட்டருக்கு அழைத்துப் போயிருக்கிறாள். தெருக்காரர்களும் கூடப் போயிருக்கிறார்கள். திரையில் கேள்விக்குறி வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். வெள்ளை முகமும் விரிந்த முடியுமாக வந்தது இவள்தான் என்று யார் நம்புவார்கள்? "நடிகைன்னா பேர் போடுவாங்க. மெட்ராசுல நீ இன்னா பண்ணிக்கினு கீறேன்னு தெரு முழுக்கக் கேக்குது. பேரக் காட்டு, அப்பறம் வூட்டுக்கு வா" என்று தம்பி சொல்லிவிட்டான். அதோடு அந்த வாசலை அக்கா மிதிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து நான்கு வருஷம். கம்பெனி வேன் திண்டிவனத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள்.

பன்னிரண்டாவது படத்தை எண்பத்து நான்காம் வருஷம் அக்கினி நட்சத்திரத்தில் கிளியனூருக்குப் பக்கத்தில் எடுத்தோம். பேயோட்டுகிற காட்சி. படத்தில் அது நடுராத்திரி. நாங்கள் எடுத்தது உச்சிவெயிலில். கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடி ஒன்றை மாட்டினால் பகல் ராத்திரி ஆகிவிடும். ராத்திரியில் எடுத்தால் விளக்குச் செலவு என்பார் முதலாளி. இருட்டினபிறகு அவர் பாழும் பங்களாப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். பேய்ப்படம் எடுக்கிறவர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி அவர்தான்.

பூசாரியாக நடிக்க வேண்டியவர் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் குதித்தார். பிறகு வேனை எடுத்துக்கொண்டு போய், காணை என்கிற ஊரிலிருந்து நிஜமான பூசாரி ஒருவரையே கூட்டிவந்துவிட்டார். பெயர் விருத்தாசலம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் சொந்த உடுக்கை, மடியில் விபூதிப் பை. அவர் அதுவரைக்கும் ஷூட்டிங் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல பூசாரி. இந்தம்மா ஆடும். நீங்க எப்பவும் பண்ற மாதிரி பண்ணுங்க. நான் கட்டுன்னு சொன்னா நிறுத்திடணும்" என்றார் முதலாளி.

"செஞ்சிடலாம் சாமி" என்றார் அவர்.

ஒத்திகையில் அக்கா சும்மா உட்கார்ந்து தலையை இரண்டு ஆட்டு ஆட்டினாள். ஒத்திகையில் அவள் எப்போதும் அவ்வளவுதான் செய்வாள், மூச்சை டேக்குக்கு வைத்துக்கொள்வாள். பூசாரியும் உடுக்கையை இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. டேக்குக்கு முன்னால் ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்து அக்காவின் பிடரியிலும் இரண்டு காதிலும் ஒற்றிவிட்டேன். முகத்தைத் தொட்டால் முத்துவெள்ளை கலைந்துவிடும். கிளியனூர் ஜனம் இருநூறு பேர் வேலையைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கேமரா ஓடியது. கேமராமேன் சவுரிராயன் கையைக் காட்டினார். அக்கா ஆரம்பித்தாள்.

முதலில் இடது கால் உதறியது. மூச்சு வயிற்றிலிருந்து தோளுக்கு ஏறியது. கட்டைவிரல் உள்ளே மடங்கியது. அப்புறம்தான் தலை சுழன்றது, முடி பூமியைப் பெருக்கியது. கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பூசாரியின் முகம் மாறிப்போனதை நான் பார்த்தேன். அது நடிக்க வந்தவர் முகம் இல்லை. உடுக்கையின் அடி வேகமானது. முதலாளி சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டார்.

திடீரென்று சவுரிராயன் தலையை நிமிர்த்தினார். "பிலிம் தீந்துடுச்சி சார்."

"கட்!" என்றார் முதலாளி.

உடுக்கை நிற்கவில்லை.

"கட்டு பூசாரி, கட்டு!"

"சும்மா இருங்க சாமி!" என்று பூசாரி போட்ட அதட்டலில் முதலாளி வாயை மூடிக்கொண்டார். பூசாரி குனிந்து அக்காவின் காது மடலைத் தொட்டுப் பார்த்தார். பேய் இறங்கினவர்களுக்குக் காது சில்லிட்டுப் போகும் என்பது அவர்கள் கணக்கு. அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஐஸு மாதிரி கீது. உள்ள ஒண்ணு கீதுய்யா."

என் கையில் ஈரத்துண்டு. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"யோவ், அது நடிக்குதுய்யா!" என்று முதலாளி கத்தினார்.

"நடிக்கறதுக்கும் நெஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமயா நான் நாப்பது வருசமா உடுக்க அடிச்சிக்கினு கீறேன்? கூப்ட்டுட்டேன், வந்துடுச்சி. பாதியில வுட்டா என் பின்னாலயே காணைக்கு வந்துடும். கேட்டு அனுப்பிச்சிட்டுத்தான் போவேன்."

கூட்டமும் ஆமாம் என்றது. பாதியில் விட்டால் ஊருக்கு ஆகாது என்று ஒரு கிழவர் முன்னால் வந்து நின்றார். பேஜாராகப் போயிற்று.

அக்கா குனிந்த தலையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முடி இடுக்கில் அவள் கண் என்னைத் தேடியது. எழுந்து 'நடிப்புங்க ஐயா' என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். அப்போது பூசாரி அவளுக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடுக்கையை மெல்ல அடித்துக்கொண்டே கேட்டார்.

"யாரு நீ? பேரச் சொல்லு."

ஊன்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

"சொல்லு தாயி. பேரச் சொல்லாம எதையும் அனுப்ப முடியாது. எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு பேரு கீது. சொல்லு."

பதினோரு படத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பெயருக்காகக் காத்திருந்தார்கள். கை மெல்ல மடங்கியது. தலை மறுபடியும் ஆட ஆரம்பித்தது, ஆனால் இந்தத் தடவை வேகம் இல்லை. தொட்டில் ஆடுகிற மாதிரி ஆடினாள்.

"வீரம்மா" என்றாள். அந்தக் குரலை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை.

"எந்த ஊரு?"

"திண்டிவனம். மல்லாட்ட மண்டிப் பக்கம்."

"எப்பிடிச் செத்த? தூக்கா? கெணறா?"

"எல்லாந்தான். பதினோரு வாட்டி சாகடிச்சாங்க. கெணத்துல தள்ளுனாங்க, மரத்துல தொங்க வுட்டாங்க, நெருப்பு வெச்சாங்க. ஒவ்வொரு வாட்டியும் என் பேர அழிச்சிட்டாங்க. பேரில்லாதவள எங்க அம்மா வூட்டுல சேக்க மாட்டேங்கறாங்க. நாலு வருசமா வாசல்லயே நிக்கறேன்."

கூட்டத்தில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"யாரு அழிச்சது?" என்றார் பூசாரி.

அக்கா தலையைத் தூக்கினாள். இமைக்காத கண்ணோடு கையை நீட்டி, ஒரு விரலால் முதலாளியைக் காட்டினாள். இருநூறு தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. முதலாளி இரண்டடி பின்வாங்கி ரிஃப்ளெக்டர் மேல் மோதிக்கொண்டார். அவருக்கு எது நடிப்பு, எது நிஜம் என்று அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

"இன்னா வேணும் ஒனக்கு? கோழியா? கருவாடா? சாராயமா? கேளு, வாங்கித் தர்றேன்."

"ஒண்ணும் வாணாம். படத்துல என் பேர எழுதணும். பெருசா எழுதணும். எங்க தம்பி படிக்கணும்."

பூசாரிக்கு என்ன படம், எங்கே எழுதுவது என்று ஒன்றும் புரிந்திருக்காது. அவர் எழுந்து முதலாளியிடம் போனார். மடியிலிருந்து கற்பூரம் எடுத்து ஓட்டாஞ்சில்லில் ஏற்றினார். "பாவம் சாமி. நாப்பது வருசத்துல எத்தினியோ பாத்துட்டேன். கெடா கேக்கும், பட்டுப்பொடவ கேக்கும். பேரக் கேட்டது இது ஒண்ணுதான். எழுதறேன்னு அடிச்சிச் சத்தியம் பண்ணுங்க. இல்லன்னா ஒங்க கூடவே வரும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். சவுரிராயன் காலிப் பிலிம் டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவ்வளவுதான், முதலாளி ஓடிவந்து கற்பூரத்தின் மேல் படாரென்று கையை அடித்தார். "எழுதறேன். வீரம்மான்னு எழுதறேன். என்ன வுட்டுடு தாயே!"

அதற்குப் பிறகும் வழக்கப்படி உச்சிமுடியில் ஒரு பிடி வெட்டி மரத்தில் ஆணி அடிக்க வேண்டும் என்றார் பூசாரி. அந்தப் பயத்திலும் முதலாளிக்குத் தொழில் மறக்கவில்லை. "நாளைக்கும் இதே முடிதான்யா வேணும், கன்டினியூட்டி போயிடும்" என்று அலறினார். நானே கத்தரியை எடுத்துப்போய், மேல்முடியை ஒதுக்கி அடியிலிருந்து ஒரு சிட்டிகை வெட்டிக் கொடுத்தேன். புளியமரத்தில் ஆணி இறங்கியதும் அக்கா தொப்பென்று சாய்ந்தாள். கிளியனூர் ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. அவள் செய்ததிலேயே பெரிய நடிப்பு அதுதான். அதில் ஓர் அங்குலம்கூடப் பிலிமில் இல்லை.

நிழலில் படுக்கவைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பூசாரிய, பெரிய மனுசன, ஏமாத்திட்டேன்டி" என்று அழுதாள்.

"எதக்கா ஏமாத்துன? சொன்னதெல்லாம் நெஜந்தான?" என்றேன்.

கிளம்புவதற்கு முன்னால் பூசாரி வந்து அவள் நெற்றியில் விபூதி வைத்தார். "போயிடுச்சிம்மா. இனிமே பயமில்ல" என்றார். அக்கா எழுந்து அவர் காலில் விழுந்தாள். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, எனக்கும்தான்.

பொங்கல் கழிந்து படம் திண்டிவனத்துக்கு வந்தது. அக்கா தம்பிக்கு ஒரு கார்டு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு வரவேண்டும், முதல் ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும், அப்புறம் எழுந்து போய்விடலாம் என்று எழுதினாள். நாங்கள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். நடுவில் இருந்த தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சின்னதுரை மூன்றாவது பெஞ்சில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சத்தியத்துக்குப் பயந்த முதலாளி எழுத்தைக் குறைக்கவில்லை. திரை முழுக்க வந்தது: பேயாக, திண்டிவனம் வீரம்மாள். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கொட்டகையில் ஒரே விசில். அக்கா என் கையை நெரித்தாள். தம்பி எழுந்து போகிறானா என்று பார்த்தேன். போகவில்லை.

இனிமேல் யார் பயப்படுவார்கள் என்று எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. முதலாளி பாடின பாட்டு அதுதானே. இந்த ஊர்க்காரி, மண்டியில் மல்லாட்டை உடைத்தவள் என்று இப்போது கொட்டகைக்கே தெரியும். கதவு திறந்தது. அக்கா வந்தாள், குதிகால் படாமல், இமைக்காமல். விசில் நின்றது. ஒரு சத்தம் இல்லை. அப்புறம் அவள் தலையை நிமிர்த்தினாள் பாருங்கள், எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் என் மடியிலேயே வந்து விழுந்தாள். பெயர் தெரிந்தும், ஊர் தெரிந்தும், அத்தனை பேரும் அலறினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் சின்னதுரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சுக்கடியில் குனிந்துவிட்டான்.

படம் விட்டதும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் அவன் நின்றான். அக்கா தயங்கித் தயங்கிப் போனாள். காலையில் தலைக்குக் குளித்து, நுனியில் ஒரு முடிச்சோடு முடியைத் தொங்கவிட்டிருந்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த முடியைப் பார்த்தான்.

"பேரப் பாத்தேன்" என்றான். "வூட்டுக்கு வாக்கா. அம்மா ஒன்னியே கேட்டுக்கினு கீது."

அக்கா ஓரடி முன்னால் வைத்தாள். அவன் சைக்கிளோடு ஓரடி பின்னால் போனான்.

"முடிய மட்டும் பின்னிக்கினு வாக்கா" என்றான்.

படம் படமாக அந்த முடியை விரித்துவிட்ட கை என் கை. அன்றைக்குத் தியேட்டர் படியில் அவளை உட்காரவைத்து, சிக்கெடுத்து, மூன்று காலாகப் பிரித்துப் பின்னினேன். அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். தலையை ஆட்டினால் பின்னல் கோணிக்கொள்ளும் என்று அதட்டினேன். சின்னதுரை கொஞ்ச தூரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி, பின்னி முடிகிறவரைக்கும் காத்துக்கொண்டு நின்றான்.